நாலாம் நம்பர் கால்

மே 3, ஞாயிறு

நாற்பத்திரண்டு முட்டை. காலை ஒன்பது மணிக்குக் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் வைத்தாயிற்று. இருபத்தோரு நாள் கழித்து, 24ஆம் தேதி ஞாயிறன்று, குஞ்சு வெளியே வர வேண்டும். வரும். பெட்டி செய்தவன் நான்.

தங்கை கோகிலா வந்ததிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை தெருநாய்கள் கூண்டுக் கம்பியைப் பிய்த்துக்கொண்டு நுழைந்து, அவளுடைய நாட்டுக்கோழிகள் முப்பத்தொன்றையும் குதறிப் போட்டுவிட்டன. பன்னிரண்டு வருஷமாக அவள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வகை. ஒரு சேவல்கூட மிஞ்சவில்லை. அதற்கு முந்தின வாரம் சேர்த்து வைத்திருந்த இந்த முட்டைகள்தான் மிச்சம். இவை பொரித்தால் உண்டு, இல்லையென்றால் அந்த வகையே அவளிடம் கிடையாது. கூண்டுக்குக் கம்பி கட்டியவர் யார்? என் தங்கையின் புருஷன், ஸ்பின்னிங் மில் எலக்ட்ரீஷியன், திருவாளர் நாச்சிமுத்து. வேறென்ன சொல்ல.

பெட்டி என் வீட்டில் இருப்பதற்கு என் இன்வெர்ட்டர் காரணம். அவர்கள் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்திதான். ஒரு தெர்மோஸ்டாட்டும் ரெண்டு குண்டு பல்பும் மாட்டினால் போதுமே என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். சூடு ஏறினால் அணைத்து, இறங்கினால் போடுகிற பித்தளை டப்பா அது. அப்பன் காலத்துச் சாமான். வேண்டாம் என்றேன்.

என்னுடையது மூன்று அடுக்கு. அடியில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதுதான் மூளை. அதற்கு மேல் ரிலே போர்டு. மூளை சொன்னால் ஹீட்டரைப் போடும், அணைக்கும். அதற்கும் மேல் மெமரி கார்டு போர்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று கார்டில் எழுதும். ஊசி ஊசியான கால்களால் டிபன் கேரியர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி நிற்கும்; மூளையின் கட்டளை போவது நம்பர் போட்ட அந்தக் கால்கள் வழியாகத்தான்.

ரிலே போர்டு மட்டும் நாச்சிமுத்துவுடையது. தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கென்று வாங்கிச் சும்மா வைத்திருந்தாராம். அதன் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'ஹீட்டர் 4ஆம் கால்' என்று பேனாவில் கிறுக்கியிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை, உரித்துப் போட்டேன். பெட்டியின் முகப்பில் 'வடிவமைப்பு: பொ. சென்னியப்பன்' என்று பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.

ரிலே போர்டைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன், பாஸ். மெமரி போர்டையும் தனியாக ஓட்டினேன், அதுவும் பாஸ். அதற்கென்று நெட்டில் கிடைத்த மாதிரிப் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவனுக்குச் சோதனை செய்வது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மே 4, திங்கள்

காலை 37.5. ராத்திரி 37.5. முட்டைக்கு வேண்டியதும் அதுதான். பித்தளை டப்பாவாம்.

மே 6, புதன்

கார்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். நேற்றும் இன்றும் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை 38.3, 38.4 என்று ஏறியிருக்கிறது. நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கோகிலா இருக்கிற நேரத்தில்தான் ஏறுகிறது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையா?

அவளிடம் சாவி இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை வந்து முட்டைகளைத் திருப்பி வைக்கிறாள். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலில் போட்டு வைத்திருக்கிறாள். மதியம் சோற்று டப்பாவோடு வந்து சாயங்காலம் வரை பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சும்மா இருப்பாளா? மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பாள். கேட்டதற்கு, திருப்பும்போது மட்டும்தான் திறக்கிறேன் என்றாள். ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சூடு அதிகம் என்று வேறு தீர்ப்புச் சொன்னாள். இமையாம்! புள்ளி வைத்து ஒரு இலக்கம் வரை காட்டுகிற சென்சாரை நான் எதற்கு வாங்கினேன்?

வரும் வழியில் பேக்கரியில் தேங்காய் பன் இரண்டு வாங்கினேன். அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காக அல்ல. சூடாக இருந்தது, வாங்கினேன்.

மே 8, வெள்ளி

கம்பெனியில் இன்றைக்குப் பம்புக்கு வார்த்து வந்த பதினாலு காஸ்டிங்கைத் திருப்பி அனுப்பினேன். சப்ளையர் போன் போட்டு அழுதான். ஓட்டையை எங்கே போட வேண்டும் என்று டிராயிங்கில் தெளிவாக இருக்கிறது. அதைப் படிக்காதவன் தொழில் செய்யக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் கோகிலா ஆரம்பிக்கிறாள்.

"ஏனுங்ணா, மேல அந்தப் பச்ச லைட்டு மின்னறப்பெல்லாம் உள்ளார டிக்குங்குது. கவனிச்சீங்களா?"

ரிலே என்றால் டிக் என்றுதான் சொல்லும், தாலாட்டா பாடும் என்று கேட்டேன். பன்னை இரண்டாகப் பிட்டுப் பாதியை எனக்கு வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் 38.5.

மே 10, ஞாயிறு

ஏழு நாள் ஆயிற்று. இருட்டு அறையில் டார்ச் பிடித்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். கரு கட்டிய முட்டையில் சிலந்தி மாதிரி நரம்பு தெரியும். ஐந்து கூமுட்டை, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு நாலில் நரம்பு இல்லை, ஒரு ரத்த வளையம் மட்டும் இருந்தது. உயிர் வந்து, பிறகு போயிருக்கிறது. கோகிலா அந்த நாலையும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். மிச்சம் முப்பத்துமூன்று.

நாச்சிமுத்து பேப்பரில் சுற்றி எதையோ கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பார்த்தால் அந்தப் பித்தளை டப்பா. "இது ரெண்டு நாளைக்கு இருக்கட்டுமுங்க மச்சான், அதுக்குள்ள நீங்க உங்களுதச் சரி பண்ணிக்கலாம்" என்றார். ரெண்டு நாளாம். அப்புறம் ஊர் முழுக்கச் சென்னியப்பன் பெட்டி ஓடவில்லை, மாப்பிள்ளை டப்பாதான் காப்பாற்றியது என்று போகும். உங்கள் ரிலே போர்டில்தான் கோளாறு, ஹீட்டரை அணைக்கச் சொன்னால் ஒட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது என்றேன். "இருக்குமுங்களா?" என்று தலையைச் சொறிந்தார். டப்பாவை மறுபடி பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன்.

மே 11, திங்கள்

எலக்ட்ரானிக்ஸ் வாட்ஸ்அப் குழுவில் விவரத்தைப் போட்டேன். திருச்சிக்காரன் ஒருத்தன், மீசை முளைத்து நாலு நாள் ஆகியிருக்காது, 'சார், ரெண்டு போர்டும் ஒரே காலைப் பிடிச்சிருக்கா பாருங்க' என்கிறான். தம்பி, நீ பிறப்பதற்கு முன்பே நான் சால்டரிங் பிடித்தவன் என்று பதில் போட்டேன். நாலு பேர் கைதட்டல் படம் போட்டார்கள்.

மே 12, செவ்வாய்

ஆதாரம் வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பதிவு போதாது. ரிலே எந்த நிமிஷம் ஒட்டிக்கொள்கிறது என்று பிடித்தாக வேண்டும். காலையில் கம்பெனிக்குப் போவதற்கு முன் புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். இனி நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதும். இன்றைக்கு நாள் முழுக்க மழை மூட்டம், குளிர்ச்சி, 37.8ஐத் தாண்டவில்லை. நாளை வெயில் அடிக்கட்டும், நாச்சிமுத்துவின் போர்டு கையும் களவுமாக மாட்டும். அச்சடித்து அவர் கையிலேயே கொடுப்பேன்.

மே 13, புதன்

மதியம் ஒன்றரைக்கு கோகிலா போன். பெட்டி தகிக்கிறது, திரையில் 40 என்று காட்டுகிறது, என்ன செய்ய என்றாள். எதையும் தொடாதே, பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வந்து பார்க்கிறேன் என்றேன்.

பர்மிஷன் சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்து சேர இரண்டரை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, மூடியைக் கழற்றி, என் கேலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். வியர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. தொடாதே என்று சொன்னேனா இல்லையா? முக்கியமான நேரத்துப் பதிவு போயிற்று. கத்திவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முட்டைக்குள்ள உசிரு இருக்குதுங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

கார்டில் கடைசி வரி: 1.34 மணி, 40.2.

மே 14, வியாழன்

பன் வாங்கவில்லை. அவளும் நான் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

மே 15, வெள்ளி

பதிவைப் பழையபடி பத்து நிமிஷமாக்கினேன். மதியம் 38.4. அந்தப் போர்டை உடைத்துக் குப்பையில் போட்டால்தான் என் மனசு ஆறும்.

மே 16, சனி

அரை நாள் லீவு போட்டேன். ரிலே போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. ஹீட்டர் எரிந்தால் அதுவும் எரியும். மேலே மெமரி போர்டு உட்கார்ந்து அதை மறைக்கிறது. எனவே மெமரி போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு ரிலேயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை, கொதிக்கிற வெயிலில், 37.5. ஒரு தப்பு இல்லை. நான் பார்க்கிறேன் என்றால் ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவு யோக்கியம். மெமரி போர்டை மறுபடி செருகினேன். அரை மணியில் 38.

கால்கள் சரியாக உட்காரவில்லை போல என்று அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். கோகிலா முட்டை திருப்ப வந்தவள் பின்னால் நின்றிருக்கிறாள். மூன்று நாளாக என்னிடம் பேசாதவள்.

"அழுத்தாதீங்ணா. அந்தப் பச்ச லைட்டப் பாருங்க. மூணே முக்காலுக்கு மின்னுச்சு, இப்ப அஞ்சு நிமிசம் கொறைய நாலு. மின்னும் பாருங்க."

மெமரி போர்டின் பச்சை விளக்கு மின்னியது. உள்ளே டிக் என்றது. பெட்டிக்குள் சூடு ஏற்கெனவே 38.1. ஹீட்டர் எரிய எந்த நியாயமும் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு போர்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அரை நிமிஷம் கழித்து அணைந்தது. பத்து நிமிஷம் காத்திருந்தேன். மறுபடி பச்சை, மறுபடி டிக், மறுபடி சிவப்பு.

அவளை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். என் புரோகிராமில் இரண்டு பக்கம். ஒன்று நான் எழுதியது: ஹீட்டர், கால் 4. மற்றொன்று நான் ஓர் எழுத்தையும் மாற்றாமல் சேர்த்துக்கொண்ட மாதிரிப் புரோகிராம்: மெமரி கார்டு, கால் 4.

ஒரே கால். கார்டில் ஒரு வரி எழுதி முடிக்கிற ஒவ்வொரு முறையும் மெமரி போர்டு நாலாம் காலை உயர்த்தி வைத்துவிட்டுப் போகிறது. ஹீட்டரைப் போடச் சொல்கிறார்கள் என்று ரிலே நினைத்துக்கொள்கிறது. அரை நிமிஷம் கழித்து மூளை சூட்டைச் சோதிக்கும்போதுதான் அணைகிறது. ராத்திரியில் ஹீட்டர் எப்படியும் தேவை, அதனால் தெரியவில்லை. மதியத்தில் அறையே முப்பத்தாறு டிகிரி. பத்து நிமிஷத்துக்கு அரை நிமிஷம் அதிகமாக எரிந்தால் ஒரு டிகிரி ஏறும். நிமிஷத்துக்கு அரை நிமிஷம் எரிந்தால்?

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த எண்ணை மாற்றியது யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் ஆயிற்று. ரிலே போர்டின் நாலாம் காலை வெளியே மடக்கி, அதிலிருந்து ஒரு நீல ஒயரை எட்டாம் காலுக்கு இழுத்தேன். புரோகிராமில் 4ஐ 8 ஆக்கினேன். பச்சை மின்னியது. டிக் இல்லை. டீ ஆறிவிட்டது.

மே 17, ஞாயிறு

பதினாலாம் நாள். மறுபடி டார்ச். முப்பத்துமூன்றில் பன்னிரண்டில் மட்டும் அசைவு தெரிகிறது. மற்றதெல்லாம் கறுப்பாக, அசையாமல் கிடக்கிறது. இருபத்தொன்று. கோகிலா எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன்.

என்ன கோளாறு என்று நாச்சிமுத்து கேட்டார். ரிலே போர்டில், ஒரு ஒயரை மாற்றிவிட்டேன், இனி சரியாக ஓடும் என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஒயரை மாற்றியது ரிலே போர்டில்தான்.

டார்ச் மங்கியது. பேட்டரி தேடி உள்ளே போய்வந்தேன். நாச்சிமுத்து அடுக்குப் போர்டின் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ற தப்புத்தானுங்க மச்சான். நல்லாப் பாத்துக் குடுத்திருக்கோணும்" என்றார்.

கோகிலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேட்டரியை மாற்றினேன்.

மே 18, திங்கள்

மதியமும் 37.5. கம்பெனியில் காஸ்டிங் வந்தது. எல்லாவற்றையும் பாஸ் போட்டேன்.

மே 21, வியாழன்

பதினெட்டாம் நாள். இனி முட்டையைத் திருப்பக் கூடாது. ஆகவே அவள் வர வேண்டிய வேலை இல்லை. ஆனாலும் வந்தாள். தேங்காய் பன் இருந்தது. நாச்சிமுத்துவோடு இரண்டு நாளாகப் பேச்சு இல்லையாம். கம்பியும் ஒழுங்காகக் கட்டத் தெரியாது, போர்டும் ஒழுங்காகப் பார்த்துக் கொடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். இத்தனை நாளும் நான் சொல்லிவந்ததுதான். காதால் கேட்கச் சகிக்கவில்லை. பன்னைச் சாப்பிடு என்றேன்.

மே 24, ஞாயிறு

விடிகாலை ஐந்து மணிக்கு முதல் ஓடு விரிந்தது. பதினோரு மணிக்குள் ஒன்பது குஞ்சு. மூன்று வரவில்லை. கோகிலா ஒவ்வொன்றையும் எடுத்து முந்தானையில் துடைத்தாள், சிரித்தாள், அழுதாள். பழுப்பில் கறுப்புக் கோடு போட்டது இரண்டு, அப்படியே அவளுடைய பழைய சேவல் ஜாடையாம். ஒன்றாவது சேவலாக இருந்தால் போதும், நான் மறுபடி கூட்டம் சேர்த்துவிடுவேன் என்றாள்.

அப்புறம் புருஷனைப் பார்த்து, இனிமேல் இந்தப் போர்டு சமாச்சாரத்துக்கெல்லாம் வராதீர்கள், அண்ணனிடமே விட்டுவிடுங்கள் என்றாள். நாச்சிமுத்து சரி என்று சிரித்தார்.

தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மே 25, திங்கள்

லீவு. காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாச்சிமுத்து கூண்டுக்குப் புதுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார், ரெட்டைக் கம்பி. கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டு ஒவ்வொன்றும் இறுக்கமாக இருந்தது. பழைய கம்பி எப்படி அறுந்தது என்று இன்றுதான் கேட்டேன். கம்பி அறுந்துபோகவில்லை, கீழே மண்ணைப் பறித்துக்கொண்டு நாய் வந்தது என்றார். அதைக்கூட நான் அன்றைக்குக் கேட்டிருக்கவில்லை.

ரிலே போர்டில் தப்பு இல்லை, தப்பு என்னுடையது, நாலாம் காலை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவர் கம்பியை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க மச்சான். அன்னைக்கு நீங்க பேட்டரி எடுக்கப் போனப்பப் பாத்தனுங்க. நாலாங் காலு மடங்கியிருந்துச்சு, எட்டுக்கு ஒயரு போயிருந்துச்சு."

அப்புறம் எதற்குத் தப்பு உங்களுடையது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பன்னண்டு முட்டை உங்க ஊட்டுல இருந்துச்சுங்களே. உங்களப் போயி தப்புன்னு சொன்னா நீங்க கதவச் சாத்திக்குவீங்க. அப்புறம் அத ஆரு பாக்கறது?"

கோகிலாவுக்குத் தெரியுமா என்றேன். இல்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அவள் பின்பக்கம், நேற்றுக் கூடையில் எடுத்துப்போன குஞ்சுகளுக்கு நொய்யரிசி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மாதிரி புரோகிராம், மாஸ்கிங் டேப், செவ்வாய்க்கிழமை மாற்றிய எண். அவள் முகத்தைப் பார்க்காமல் குஞ்சுகளைப் பார்த்துச் சொன்னேன். முடித்தபோது அவள் கையில் நொய் அப்படியே இருந்தது.

"அந்த இருவத்தொண்ணும் அதுலதான் போச்சுங்களா?"

ஆமாம் என்றேன். அதற்கு முந்தின நாலும்கூட என்றேன்.

நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கையில் இருந்த நொய்யைக் கீழே தூவினாள். எழுந்து போய்க் கம்பிக் கூண்டருகில், புருஷனுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த அடைக்கு முட்டை எங்க ஊட்லயே வெச்சுக்கறமுங்ணா. பெட்டிய அவரு சாயங்காலம் வந்து எடுத்துக்குவாரு. உங்க சாவியும் அவருகிட்டயே குடுத்து உடறேன்."

சரி என்றேன். வரும் வழியில் பேக்கரியில் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு பன்னைக் கட்டிவிட்டான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டும் மேஜை மேல் இருக்கிறது.